சின்னானின் பின்னங்கால்கள்

சின்னானுக்கு வலிக்கிறது என்று முதலில் சொன்னவர் அம்மாதான். 2016ஆம் ஆண்டு, தீபாவளிக்கு முந்தைய வாரம். பொழுது விடியாத நேரத்தில் நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கேட் திறக்கும் சத்தம் கேட்டால் போதும், எனக்கு முன்னால் பாய்ந்து, தெருமுனைவரை காடியோடு ஓடிவந்துவிட்டுத் திரும்புவது அவன் வழக்கம். அன்று வாசலிலேயே நின்றுவிட்டான். எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டு வாசலில் இரண்டே படிகள். முன்னங்காலை முதல் படியில் வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். பிறகு உடம்பை ஒருபக்கமாகச் சாய்த்து, பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் தத்துவதுபோல இறக்கினான். இறங்கியபின் கொஞ்ச நேரம் அசையவில்லை.

"வயசாயிருச்சும்மா அவனுக்கு," என்றேன்.

அம்மா வாசற்காலைப் பிடித்தபடி நின்றிருந்தார். "வயசானா படியப் பார்த்து யோசிக்கச் சொல்லுதா? எறங்குனா எங்க புடிக்கும்னு கணக்குப் போடுறான்யா. நான் தெனமும் போடுற கணக்குதானே அது."

அம்மா 1949இல் பிறந்தவர். 13 வயதில், மலாக்கா மாநிலத்துக் காடேக் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் உளி பிடித்தார். 1998இல் தோட்டத்துப் பால்மரங்களை விழுத்திச் செம்பனை நடத் தொடங்கும்வரை அந்த உளி கையை விட்டு இறங்கவில்லை. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 500 மரம். கீழ்வெட்டு மரத்துக்குக் குந்த வேண்டும், மேல்வெட்டு மரத்துக்கு அண்ணாந்து கையை உயர்த்த வேண்டும். அதன்பிறகு காண்டாக் கம்பின் இருமுனையிலும் பால்வாளிகள் தொங்க, மேடும் பள்ளமுமான காட்டு வழியில் ஸ்டோர்வரை நடை. அவருடைய முட்டிகள் 40 வயதிலேயே பேச ஆரம்பித்துவிட்டன. தோட்டத்துக் கிளினிக்கில் டிரெசர் ஒரு குப்பி தைலமும் ஒரு பொட்டலம் வெள்ளை மாத்திரையும் கொடுத்து, "வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்றாராம். அப்போது அம்மாவுக்கு வயது 41. அதற்குப் பிறகு எட்டு வருஷம் அவர் மரம் வெட்டினார்.

அந்தச் சொல்லைத்தான் நான் சின்னானுக்குச் சொல்லியிருந்தேன். காடியை ஓட்டிக்கொண்டு போகும் வழியெல்லாம் அது என்னை உறுத்தியது.

சின்னான் எங்களிடம் வந்தது 2005இல். நாங்கள் தோட்டத்தை விட்டு அலோர் காஜாவுக்கு வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. இருந்தாலும் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு மட்டும் தவறாமல் போவோம். அந்த வருஷம் கோயில் பின்கட்டில் ஒரு நாய் ஐந்து குட்டி போட்டிருந்தது. நான்கு குட்டிகள் பாலுக்கு முட்டி மோதிக்கொண்டிருக்க, ஐந்தாவது மட்டும் ஒதுங்கிக் கிடந்தது. அம்மா அதைத் தன் சேலைத் தலைப்பில் சுற்றி எடுத்துவந்தார். இளைத்த குட்டி, அதனால் சின்னான். வளர்ந்தபோது பேருக்குப் பொருத்தமில்லாமல் போனான். செம்பழுப்பு நிறம், மார்பில் ஒரு வெள்ளைத் திட்டு, 27 கிலோ. சாயங்காலம் அவனைக் கூட்டிக்கொண்டு டவுன்வரை நடப்பேன். 1831, 1832 ஆண்டுகளில் நடந்த நானிங் போரில் மாண்ட பிரிட்டிஷ் வீரர்களின் கல்லறைகள் இருக்கும் இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டுத்தான் திரும்புவோம். அந்த நடையும் சில மாதங்களாகச் சுருங்கி வந்ததை அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். முதலில் கல்லறைவரை, பிறகு பேருந்து நிலையம்வரை, பிறகு முச்சந்திவரை. ஒவ்வொரு முறையும் அவனே திரும்பினான். நான் அதைச் சோம்பல் என்று எண்ணியிருந்தேன்.

இங்கே என் தவற்றைச் சொல்லியாக வேண்டும். இதைப் படிக்கும் யாராவது ஒருவர் அதைச் செய்யாமல் இருந்தால் போதும். அம்மா சொன்ன அன்று மாலையே, எனக்குப் பல் வலிக்கு வாங்கி மிச்சமிருந்த இபுபுரூபன் மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சோற்றில் வைத்துக் கொடுத்தேன். மறுநாள் காலையிலும் கொடுத்தேன். அன்று இரவு அவன் வாந்தி எடுத்தான். அடுத்த நாள் மலம் தார்போலக் கறுத்திருந்தது. வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால் அப்படித்தான் கறுக்கும். மனித உடம்பு தாங்குகிற இந்த மருந்தை நாயின் உடம்பு தாங்காது. குறைந்த அளவிலேயே இரைப்பை புண்ணாகும், அளவு கூடினால் சிறுநீரகம் போகும். பாரசெட்டமாலும் தன்னிஷ்டத்துக்குக் கொடுக்கக் கூடியதல்ல. பூனைக்கோ அது கொல்லும் நஞ்சு. தைலம் தடவுவதும் அப்படித்தான். தடவிய இடத்தை நாய் நக்கும், தைலத்தில் இருக்கும் சாலிசிலேட் வயிற்றுக்குள் போகும். நம் வீட்டு அலமாரியில் வலிக்கு என்று இருக்கும் எதையும் நாய்க்கு நாமாக எடுத்துக் கொடுக்கக் கூடாது.

அவனைத் தூக்கிக்கொண்டு, 25 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மலாக்கா டவுனுக்கு ஓடினேன். முதலில் போன இடத்தில் வாந்திக்கு ஊசி போட்டார்கள். கால்களைப் பற்றிக் கேட்டேன். வயதாகிவிட்டது என்றார்கள். மூன்று நாள் கழித்து, வயிறு தேறியபின், அம்மாவும் கூட வருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். இன்னொரு கிளினிக்குக்குப் போனோம்.

அங்கே இருந்தவர் ஓர் இளம் மலாய்ப் பெண் மருத்துவர். செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகத்தில் படித்தவர். சின்னானை மேசைமேல் ஏற்றாமல், தானே தரையில் உட்கார்ந்துகொண்டார். முதலில் அவனை நடக்கவிட்டுப் பார்த்தார். பின்னங்கால் நகங்களைத் திருப்பிக் காட்டினார். நடுவிரல் நகங்கள் மேல்பக்கம் தேய்ந்து மொண்ணையாகியிருந்தன. காலைத் தூக்கி வைக்காமல் தரையில் இழுத்து நடந்ததன் அடையாளம் அது. பிறகு தொடைகளைப் பிடித்துப் பார்த்தார். முன்னால் நெஞ்சுப் பகுதி திரண்டிருக்க, பின்தொடையில் சதையே இல்லை. வலிக்கிற பின்னங்கால்களைக் காப்பாற்ற உடம்பின் பாரத்தையெல்லாம் முன்னால் தள்ளியே அவன் பல மாதம் வாழ்ந்திருக்கிறான்.

இடுப்பு மூட்டை அசைக்கப் போகும்போது அவர் ஒரு கணம் நின்று, கையுறைகளைக் கழற்றினார். கையுறையோடு தொட்டால் உள்ளே மூட்டு நெறிவது விரலுக்குத் தெரியாது என்றார். வெறுங்கையால் தொடையை மெல்லப் பின்னுக்கு நீட்டினார். சின்னான் தலையைத் திருப்பினான். கடிக்கப் போகிறானோ என்று நான் பதறினேன். அவன் அவர் கையை நக்கினான். அவர் சிரித்துவிட்டு வேலையை முடித்தார். பிறகு தொட்டிக்குப் போய், மண் கலந்த கட்டியைக் கரைத்து ஒரு முறையும், தண்ணீரால் ஆறு முறையும் பொறுமையாகக் கை கழுவினார். அது அவருடைய மார்க்க முறை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை இப்படிக் கழுவுவார் என்று எண்ணிப் பார்த்தேன். மூட்டு நெறிவதை விரலால் அறிவதற்காக அதை ஏற்றுக்கொண்ட அந்த மனத்தை நான் இன்னும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன்: "டியா சுடா துவா, டாக்டர்." அவனுக்கு வயதாகிவிட்டது.

"துவா இத்து உமூர். இனி சாகிட்," என்றார். துவா என்பது வயது. இது வலி.

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

எக்ஸ்ரேயில் பார்த்தபோது விஷயம் துலங்கியது. இடுப்புக் குழி என்பது நல்ல உரல்போல ஆழமாக இருந்து, தொடை எலும்பின் உருண்டைத் தலையைக் கவ்விப் பிடிக்க வேண்டும். சின்னானுக்குப் பிறவியிலேயே அந்தக் குழி மேலோட்டமானது. தலை குழிக்குள் சரியாக உட்காராமல் பதினோரு வருஷம் ஆடி ஆடி, இரண்டுக்கும் இடையில் மெத்தைபோல இருக்கும் குருத்தெலும்பைத் தேய்த்துவிட்டது. அந்த ஆட்டத்தைக் கட்டுப்படுத்த உடம்பு தானாகவே ஓரங்களில் எலும்பு முட்களை வளர்த்திருந்தது. அறுவை சிகிச்சைகள் உண்டு. தொடை எலும்பின் தலையை வெட்டி எடுப்பது ஒன்று, செயற்கை மூட்டு பொருத்துவது இன்னொன்று. ஆனால் அவன் இதயத்தில் ஒரு முணுமுணுப்புச் சத்தம் கேட்டது. அந்த இதயத்தோடு இந்த வயதில் மயக்க மருந்து கொடுக்கத் தனக்கு விருப்பமில்லை என்றார் டாக்டர். கத்தி இல்லாமல் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, ஆனால் அதில் பெரும்பகுதி கிளினிக்கில் நடக்காது, உங்கள் வீட்டில்தான் நடக்கும் என்றும் சொன்னார்.

முதல் மருந்து எடைக் குறைப்பு. இதைச் சொன்னதும் அம்மாவின் முகம் வாடியது. சின்னானுக்குக் காலையில் பசியாற ரொட்டி சானாயில் பாதி, மத்தியானம் சோறு, ராத்திரி மிச்சம் மீதி, நடுவில் அம்மா வாயில் போடுவதில் எல்லாம் ஒரு பங்கு. "பசியோட வளர்ந்த பிள்ளைய்யா அவன், கடைசிக் குட்டி," என்றார். டாக்டர் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு மற்றதைவிடக் கால்வாசி குறைத்துத் தீனி கொடுத்து, ஆயுள் முழுவதும் கவனித்தார்கள். குறைவாகத் தின்றவை சராசரியாக 13 வயதுவரை இருந்தன. மற்றவை 11 வயதைத் தாண்டிச் சில மாதங்களே. மூட்டுத் தேய்வுக்கு மருந்து தேவைப்பட்டதும் குறைவாகத் தின்றவற்றுக்கு ஏறக்குறைய மூன்று வருஷம் தள்ளித்தான். நொண்டும் பருத்த நாய்க்கு உடல் எடையில் 6 சதவீதம் இறங்கினாலே நடையில் மாற்றம் தெரியும் என்றார். சின்னானுக்கு அது ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

அம்மா ஆய்வைக் கேட்டுச் சம்மதித்தாரா, மூன்று வருஷம் என்ற சொல்லைக் கேட்டுச் சம்மதித்தாரா என்று தெரியாது. வீட்டுக்கு வந்ததும் ஒரு பால் டின்னைக் கழுவிக் காயவைத்தார். தோட்டத்தில் அரிசி அளந்ததும் அந்த டின்னில்தான். இனி சின்னானின் தீனி வேளைக்கு ஒரு டின், தலைதட்டி. இடையில் கெஞ்சினால் அவித்த பூசணித் துண்டு அல்லது காரட். வாரம் ஒருமுறை நான் அவனைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் ஏறுவேன், பிறகு தனியாக ஏறிக் கழிப்பேன். ஐந்து மாதத்தில் 27 கிலோ 22 ஆனது. மூன்றாவது மாதத்திலேயே அவன் படியை யோசிக்காமல் இறங்கினான்.

இரண்டாவது, மாத்திரை. கார்புரூபன். அமெரிக்காவில் 1996இல் நாய்களுக்கென்று அனுமதி பெற்ற மருந்து. வீக்கத்தையும் வலியையும் தூண்டும் சுரப்பைத் தடுப்பதே இதன் வேலையும். ஆனால் நாயின் உடம்புக்கு ஏற்றபடி அமைந்தது. அதற்கும் பயமில்லாமல் இல்லை. கொடுக்கும் முன் ஈரலையும் சிறுநீரகத்தையும் பார்க்க ரத்தப் பரிசோதனை, பிறகு குறிப்பிட்ட இடைவெளியில் மறுபடி. வெறும் வயிற்றில் கூடாது. வாந்தி, கறுத்த மலம், தீனியில் வெறுப்பு, இதில் ஒன்று தெரிந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டுக் கூப்பிட வேண்டும். ஏற்கெனவே நான் அவன் வயிற்றைப் புண்ணாக்கியிருந்ததால் இரண்டு வாரம் பொறுத்துத்தான் தொடங்கினார். பின்னாளில் மழைக்காலத்து இரவுகளுக்கென்று கபாபென்டினும் சேர்ந்தது. வலிப்பு நோய்க்காக உருவான மருந்து அது. நரம்பு வழியே ஏறும் வலியைத் தணிக்கும், கொஞ்சம் தூக்கமும் வரும்.

மூன்றாவது, ஊசி. பென்டோசான் என்று பெயர். தோலுக்கடியில் வாரம் ஒன்று, நான்கு வாரம். மூட்டுக்குள் இருக்கும் உயவு நீரைச் செழுமைப்படுத்தி, குருத்தெலும்பு அழிவதை மெதுவாக்கும் என்ற நோக்கில் போடுவது. ரத்தம் உறைவதைச் சற்றுத் தளர்த்தும் குணமும் அதற்கு உண்டு என்பதால், ஊசி போட்ட காலத்தில் மாத்திரையை நிறுத்தி வைக்கச் சொன்னார். இது எதிலிருந்து செய்வது என்று அம்மா கேட்கச் சொன்னார். எல்லா மருந்தையும் அப்படிக் கேட்பார். பீச் என்கிற மரத்திலிருந்து என்றார் டாக்டர்.

"மரத்திலேருந்தா?" அம்மா ஊசிக் குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். 36 வருஷம் மரத்திலிருந்து பால் எடுத்தவரின் பார்வை அது. தெளிந்த நீர்போல இருந்தது. "நம்ம மரம் குடுத்ததெல்லாம் டயருக்குப் போயிருச்சு," என்று திருப்பிக் கொடுத்தார்.

மீன் எண்ணெயும் கொடுத்தோம், டாக்டர் சொன்ன அளவில். அதற்கு ஆய்வுகளின் துணை உண்டு. குளுக்கோசமைன் பற்றிக் கேட்டபோது, சில ஆய்வுகள் பலன் என்கின்றன, சில இல்லை என்கின்றன, கையில் காசிருந்தால் கொடுங்கள், இல்லையென்றால் அந்தக் காசுக்குத் தரைவிரிப்பு வாங்குங்கள் என்றார். அவர் சொன்னதிலேயே மிகப் பயன்பட்ட வார்த்தை அதுதான்.

ஏனென்றால் எங்கள் வீட்டுத் தரைதான் அவனுக்குப் பெரிய எதிரியாக இருந்தது. தாமான் வீடு வாங்கியபோது ஆசை ஆசையாகப் பளபளக்கும் டைல்ஸ் போட்டிருந்தோம். தொடையில் சதை குறைந்த நாய் அதில் நிற்பது எண்ணெய் தடவிய பலகையில் நிற்பதுபோல. ஒவ்வொரு முறை கால் வழுக்கும்போதும் தேய்ந்த மூட்டு இன்னொருமுறை பிசகும். டவுனில் இரும்புக் கடையில் கறுப்பு ரப்பர் விரிப்பைச் சுருளாக வைத்து மீட்டர் கணக்கில் விற்கிறார்கள். வாங்கிவந்து அவன் படுக்கையிலிருந்து தண்ணீர்ச் சட்டிக்கு, அங்கிருந்து வாசலுக்கு என்று பாதை போட்டேன். அம்மா குனிந்து ஒரு மூலையை மூக்கருகே கொண்டுபோய் மோந்தார். ஸ்டோரில் ஷீட் காயும் வாசனையைத் தேடினார் என்று நினைக்கிறேன். "இப்பத்தான் ஒரு துண்டு நம்ம வீட்டுக்கு வந்திருக்கு," என்றார். படிமேல் சாய்வாக ஒரு பலகை வைத்து அதிலும் அதே ரப்பரை ஆணியடித்தேன். சின்னான் முதல் நாள் அந்தக் கறுப்புப் பாதையை மோந்துகொண்டே போனான். மறுநாளிலிருந்து வீட்டுக்குள் அதைவிட்டு இறங்கியதே இல்லை.

ஒத்தடம் அம்மாவின் இலாகா. காடேக்கில் வெந்நீர் ஊற்று இருக்கிறது. தோட்டத்து ஆட்கள் கை கால் வலி என்றால் அங்கே போய்க் காலை முக்கிக்கொண்டு உட்காருவார்கள். அம்மாவும் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை போயிருக்கிறார். சின்னானையும் அங்கே கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது அவர் ஆசை. மனிதர்கள் கூடும் பொதுக் குளம், நாயை விடமாட்டார்கள் என்று நான் சொன்னேன். அப்படியென்றால் ஊற்றை வீட்டுக்குக் கொண்டுவருகிறேன் என்று, பழைய காற்சட்டைத் துணியில் பை தைத்து, அரிசியை வறுத்துப் போட்டுக் கட்டினார். தன் முழங்கையின் உள்பக்கத்தில் வைத்துப் பார்த்து, சூடு பொறுக்கிறதென்று தெரிந்த பிறகே அவன் இடுப்பில் வைப்பார். பத்து நிமிஷம். விடியற்காலை மூட்டு இறுகியிருக்கும் நேரத்தில் அதைச் செய்துவிட்டு, பிறகுதான் நடை. நடையும் முன்புபோல ஒரே நீட்டாக இல்லை. பத்துப் பத்து நிமிஷமாக மூன்று வேளை, தினமும், விடாமல். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் ஓடவிட்டு மற்ற நாள் கட்டிப்போடுவதுதான் மூட்டை அதிகம் கெடுக்கும்.

தண்ணீருக்குள் நடக்கும் எந்திரம் உள்ள மருத்துவமனை எங்கள் பக்கம் இல்லை. ஆனால் எங்கள் மாவட்டத்துக்குக் கடல் இருக்கிறது. மஸ்ஜிட் தானா தாண்டித் தஞ்சோங் பிடாரா, அரை மணி நேரப் பயணம். சனிக்கிழமை ஆள் வருமுன், கரையின் ஒதுக்குப்புறமான கோடிக்குப் போய்விடுவோம். மலாக்கா நீரிணை விடியற்காலையில் குளம்போலக் கிடக்கும். தண்ணீர் நாயின் இடுப்பளவு இருந்தால் கால்கள் தாங்க வேண்டியது உடல் எடையில் 38 சதவீதம் மட்டுமே என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். முட்டியளவு நீரில் 85 சதவீதம். அதனால் ஆழத்தைப் பார்த்துப் பார்த்து அவனைக் கரையோரமாக நடத்துவேன். முதல் நாள் ஐந்து நிமிஷம். கரையில் திணறுகிற அந்தப் பின்னங்கால்கள் தண்ணீருக்குள் ஒன்று மாற்றி ஒன்றாக, முழு எட்டாக விழுவதைத் தெளிந்த நீரில் குனிந்து பார்த்தேன். பல மாதத்துக்குப் பிறகு அவன் கால்கள் முயல்போலத் தத்தாமல் நாய்போல நடந்தன. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு தானும் இறங்கிவிட்டார்.

இரண்டாம் முறை கிளினிக்குக்குப் போனபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். டாக்டர் ஒரு தாளை எடுத்தார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய கேள்வித்தாள். 11 கேள்விகள். நாய் தன் வலியைச் சொல்ல முடியாது, அதனால் கூட இருப்பவர் சுழியத்திலிருந்து பத்துக்குள் எண் சொல்ல வேண்டும். எழுந்து நிற்பதற்கு வலி எவ்வளவு தடையாக இருக்கிறது? நடப்பதற்கு? படி ஏறுவதற்கு? அவர் மலாயில் கேட்கக் கேட்க, நான் தடுமாறினேன். அம்மா தடுமாறவில்லை.

"எழும்புறப்ப ஏழு. நாலு எட்டு வச்சிட்டா நாலுக்கு எறங்கிரும். மழைக்கு முந்தின ராத்திரி எட்டு. ஏறுறதவிட எறங்குறதுதான் கஷ்டம், அதுக்கு ஏழு போடச் சொல்லு."

நான் மொழிபெயர்த்தேன். டாக்டர் எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை நிறுத்தி அம்மாவைப் பார்த்தார். "மாக்சிக்குக்கும் முட்டி வலியா?" என்று கேட்டார். மூத்த பெண்களை மலாயில் மாக்சிக் என்பார்கள்.

எனக்கு முகத்தில் அறைந்ததுபோல இருந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும் அம்மாவைத்தான் என் வாழ்நாள் முழுவதும் பார்த்திருக்கிறேன். அவரிடம் ஒருநாளும் எண் கேட்டதில்லை. நாய்க்காக மலாக்காவரை காடி ஓட்டிய நான், அம்மாவின் முட்டிக்காக இரண்டு கிலோமீட்டர் ஓட்டியதில்லை. அடுத்த வாரம் அலோர் காஜா மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். உடற்பயிற்சிப் பிரிவில், நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டித் தூக்கிப் பத்து எண்ணும் பயிற்சி கொடுத்தார்கள். தொடைச் சதை வலுத்தால் முட்டியின் பாரம் குறையும் என்றார்கள். சின்னானுக்கு டாக்டர் சொன்னதும் ஏறக்குறைய அதுவேதான். உட்காரச் சொல்லி எழச் சொல்ல வேண்டும், ஒரு வேளைக்கு ஐந்து முறை தொடங்கிப் பத்து முறைவரை. சாயங்காலம் ஐந்தரைக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு பேரும் எதிரெதிரே செய்வார்கள். அம்மா கால் நீட்டிப் பத்து எண்ணுவார். பத்து வந்ததும் சின்னான் எழுவான். காரட் துண்டு அவனுக்கு.

சின்னானின் நாட்களைக் குறித்துவைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். நான் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன், இரண்டு வாரத்தில் மறந்தேன். அம்மா மறக்கவில்லை. அடுப்படிச் சுவரில் குதிரைக் காலண்டர் தொங்கும். அதன் கட்டங்களில் அவர் தன் முறையில் குறித்தார். நல்ல நாளுக்கு ஒரு கோடு. வலி நாளுக்கு ஒரு சுழி. 2017 சனவரியில் சுழிகளே அதிகம். ஏப்ரலில் கோடுகள். நவம்பர் மழையில் மறுபடி சுழிகள் ஏறும். அந்தத் தாள்களைக் கிழித்துக்கொண்டு போய்க் காட்டுவோம். டாக்டர் மருந்தைக் கூட்டியதும் குறைத்ததும் பெரும்பாலும் அந்தக் கோடுகளையும் சுழிகளையும் பார்த்துத்தான்.

தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளரவில்லை. வளராது என்று முதல் நாளே சொல்லியிருந்தார். ஆனால் மூன்று வருஷம் அவன் நடந்தான். கல்லறை வட்டத்தை மறுபடி அடித்தான், பாதி வேகத்தில். 2019 செப்டம்பரில் சிறுநீரகம் தளரத் தொடங்கியது. மாத்திரையை நிறுத்த வேண்டியதாயிற்று. ஒத்தடமும் கபாபென்டினும் ரப்பர் பாதையும் மட்டும் மிஞ்சின. நவம்பரில் காலண்டரில் தொடர்ந்து ஒன்பது சுழிகள் விழுந்தன. பத்தாம் நாள் அம்மாவே, "போதும்யா, அவனக் கஷ்டப்படுத்தாத," என்றார். டாக்டர் வீட்டுக்கு வந்தார். அவன் தலை அம்மாவின் மடியில் இருந்தது. 14 வயது.

மறு ஆண்டு, 2020இல், ஐரோப்பாவில் நாய்களின் மூட்டுவலிக்கு பெடின்வெட்மாப் என்ற ஊசிக்கு அனுமதி கிடைத்தது. மாதம் ஒன்று, வலி நரம்புகளைத் தூண்டும் புரதத்தையே பிடித்துக் கட்டுகிறது. அமெரிக்கா 2023இல் அனுமதித்தது. 2024 டிசம்பரில் அதே அமெரிக்க மருந்துத் துறை, சில நாய்களுக்கு நரம்புக் கோளாறு உட்படப் பக்கவிளைவுகள் வந்திருப்பதாகக் கால்நடை மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறது. நண்பர்கள் கேட்டால் இரண்டையும் சொல்கிறேன். டாக்டரிடம் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள், ஆனால் இன்றைக்கே எடையைப் பாருங்கள், தரையில் ஏதாவது விரியுங்கள் என்கிறேன்.

2019ஆம் வருஷக் கடைசியில் புதுக் காலண்டர் மாட்டுவதற்காகப் பழையதை இறக்கினேன். டிசம்பர்த் தாளைப் பார்த்து நின்றுவிட்டேன். சின்னான் போய் மூன்று வாரத்துக்கு மேலாகியிருந்தது. கட்டங்களில் கோடுகளும் சுழிகளும் தொடர்ந்து இருந்தன.

"அம்மா, இது என்னம்மா?"

அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தவர் திரும்பாமலே சொன்னார்: "அது என் காலு. வர்ற புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போறப்ப எடுத்து வை, டாக்டர்கிட்ட காட்டணும்."